ஓரகத்திகள் ஆறு ரேக் தள்ளி

ரேக்கம்மாவின் அறைக்கதவில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. இரண்டு பக்கமும் திருகாணி போட்டு இறுக்கியது. 'கிடங்கு மேலாளர்' என்று அதில் பெரிய எழுத்து. பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாக 'பொறுப்பு'. வேலை மொத்தமும் உன் தலையில், நாற்காலி மட்டும் உனக்கில்லை என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்லும் வித்தை எந்த அலுவலகத்துக்கும் இன்றுவரை கைவரவில்லை. பதினோரு வருஷமாக அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவள் கதவைத் திறந்தாள்.

மருந்து மொத்த விற்பனைக் கிடங்கு அது. நாற்பத்தெட்டு ரேக், ஆறாயிரம் வகை மருந்து, முந்நூறு மருந்துக்கடை. காலை ஏழு மணிக்குக் கடைக்காரர்களின் பட்டியல் வரும். பெண்கள் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ரேக் ரேக்காக நடந்து பெட்டிகளை எடுத்துக் கூடையில் போடுவார்கள். பத்தரை மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். பத்து முப்பத்தைந்துக்குக் கிளம்பினால் மாடியிலிருந்து ஜி.எம். போன் போட்டு, ஏதோ உலகமே கவிழ்ந்துவிட்டது போலக் கத்துவார். அந்த மனிதர் கீழே இறங்கி வரமாட்டார். கிடங்குத் தூசி அவருக்குத் தும்மலாம்.

ஆரம்பத்தில் மருந்துகள் எழுத்து வரிசையில் இருந்தன. ஒரே கம்பெனி மருந்துகளுக்கு ஒரே சாயலில் பெயர், ஒரே அளவில் பெட்டி, ஒரே நீலப் பட்டை. எழுத்து வரிசையில் அடுக்கினால் அவை தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். ஒன்று சர்க்கரைக்கு, பக்கத்தில் நிற்பது தைராய்டுக்கு. அவசரத்தில் கை மாறிவிடும். வாரத்துக்கு ஆறேழு பெட்டி தப்பாகப் போய், கடைக்காரர்களின் வசவையும் சுமந்துகொண்டு திரும்பி வரும்.

பெட்டி எடுக்கும் பெண்களில் மூத்தவள் ஒருத்தி. எல்லோரும் கழுகக்கா என்பார்கள். கண் அப்படி. ஒருநாள் அவள் இரண்டு நீலப்பட்டைப் பெட்டிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து ரேக்கம்மாவின் மேஜையில் வைத்தாள்.

"இதுக ரெண்டும் ஓரகத்திங்கம்மா. அண்ணன் பொண்டாட்டியும் தம்பி பொண்டாட்டியும். ஒரே அடுப்படியில நிக்க வச்சா என்ன ஆகும்? நம்பலைன்னா எங்க வீட்டுக்கு வந்து ஒருநாள் இருந்து பாருங்க."

ரேக்கம்மா வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்ததோடு விடவில்லை. ஒரு நீளமான நோட்டை எடுத்து, எந்தப் பெட்டிக்குப் பதில் எந்தப் பெட்டி போகிறது என்று நான்கு மாதம் எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி தேறியது. ஒவ்வொரு ஜோடியையும் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றது குறைந்தது ஆறு ரேக் தள்ளி வைத்தாள். வாரத்துக்கு ஏழு தவறு என்பது போய், வருஷத்துக்கு இரண்டு என்றானது. 'ஓரகத்திக்கு ஓரகத்தி ஆறு ரேக் தள்ளி' என்பதுதான் புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்கு முதல் நாள் பாடம். ரேக்கம்மா என்ற பெயர் அவளுக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. தவறு குறைந்ததற்காகத் தலைமை அலுவலகம் ஒரு கேடயம் கொடுத்தது. அது ஜி.எம். அறைச் சுவரில் தொங்குகிறது. எப்படிக் குறைந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"சார், அந்தப் பொறுப்பை எப்போ எடுப்பீங்க?" என்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்பாள்.

"டிகிரி இல்லையேம்மா."

"பி.காம். இருக்கே சார்."

"அட, அதெல்லாம் ஒரு டிகிரியா? மேலாளர்னா எம்.பி.ஏ. வேணும்னு ரூல் போட்டுட்டாங்க. நான் என்ன பண்றது?"

ரூல்படி ஒரு எம்.பி.ஏ.வைப் பிடித்துக்கொண்டுவந்து உட்காரவும் வைத்தார்கள். சட்டைப்பையில் இரண்டு பேனா, வாய் நிறைய இங்கிலீஷ். குளிர்பெட்டியில் இருக்க வேண்டிய ஊசி மருந்தை ஜன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டு, அது ஏன் கெட்டுப்போனது என்று அரைநாள் மீட்டிங் போட்டான். நான்கு மாதத்தில் கிளம்பிப் போனான். அவன் போன மறுநாள் பழைய தகடு மறுபடியும் கதவில் ஏறியது.

அன்றுதான் ரேக்கம்மாவுக்கு ரோஷம் வந்தது. நாற்பத்தியொரு வயதில், தான் பி.காம். படித்த அதே பல்கலைக்கழகத்தில், சனி ஞாயிறு வகுப்பில் எம்.பி.ஏ. சேர்ந்தாள். வேறு இடத்துக்குப் போகாததற்குப் பெரிய பாசமொன்றும் காரணமில்லை. பழைய மாணவர்களுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது, அவ்வளவுதான்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "இந்த வயசுல ஸ்கூல் பை தூக்கப் போறியா? டிபன் பாக்ஸ் நான் கட்டித் தரவா?" என்றார்.

"கிண்டல் போதுங்க. உங்க கடையில நல்லதா ஒரு கண்ணாடி எடுத்து வைங்க. போர்டுல எழுதுறது தெரிய வேண்டாமா?"

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் தலை நிமிராமல், "அம்மா, கடைசி பெஞ்சு பிடிச்சுக்கோ. தூங்க வசதியா இருக்கும்" என்றாள்.

பல்கலைக்கழகம் மாறித்தான் இருந்தது, பெயர்ப்பலகை அளவில். 'வணிகவியல் துறை' என்றிருந்த இடத்தில் 'மேலாண்மைக் கல்விப் பள்ளி' என்று பளபளவென்று எழுதியிருந்தார்கள். பலகைக்குப் பின்னால் எல்லாம் அதேதான். அதே படிக்கட்டு, கடகடவென்று ஆடும் அதே மின்விசிறி, யாரோ யாரையோ காதலித்துக் காம்பஸால் கீறிய அதே பெஞ்சு. இருபது வருஷத்தில் அந்தக் காதலர்களுக்குப் பேரன் பேத்தி பிறக்க நேரம் நெருங்கிவிட்டது. பெஞ்சுக்கு ஒரு கோட் வார்னிஷ் அடிக்க நேரம் வரவில்லை.

முதல் வகுப்புக்கு வந்த பேராசிரியரைப் பார்த்ததும் ரேக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெராக்ஸ்! அவளோடு பி.காம். படித்தவன். மூன்று வருஷமும் அவளுடைய நோட்டுகளை நகலெடுத்தே தேறியவன், அதனால் அந்தப் பெயர். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக அவள் நாற்பது நாள் பேருந்து நிலையக் கடைகளில் வெயிலில் நின்று, எந்தக் கடைக்காரர் எதை எங்கே வாங்குகிறார், எது விற்காமல் தேங்குகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். ஜெராக்ஸ் அதை அப்படியே தட்டச்சு செய்து, தன் பெயரைப் போட்டு, நல்ல அட்டையாகப் பார்த்து பைண்டு பண்ணினான். அவனுக்கு இரண்டு மதிப்பெண் கூடுதல். அட்டை நன்றாக இருந்ததாம்.

இப்போது அவர் டாக்டர் பட்டம் வாங்கிய பேராசிரியர். அவளைப் பார்த்தார், கண்ணில் ஒரு கணம் என்னவோ ஓடியது, உடனே துடைத்துக்கொண்டார்.

"நீங்க எந்த நிறுவனம்மா?" என்றார், முன்பின் பார்த்தறியாத ஆளைப் போல.

"மருந்துக் கிடங்கு சார்," என்றாள் அவள். அந்த 'சார்' தொண்டையிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வெளியே வந்தது.

அன்று மதியம் படிவம் கொடுக்கத் துறை அலுவலகத்துக்குப் போனாள். சுவரோரம் ஒரு இரும்பு பீரோ. அதற்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் நீல ரெக்ஸின் அட்டை போட்ட தடிமனான புத்தகம் ஒன்று செருகியிருந்தது. முதுகில் தங்க எழுத்து பாதி அழிந்திருந்தாலும் அவளுக்குத் தெரியாதா என்ன? அவளுடைய ப்ராஜெக்ட். நாற்பது நாள் வெயில்.

"அண்ணே, அது என்னோடது. எடுத்துக்கட்டுமா?" என்று அலுவலக உதவியாளரைக் கேட்டாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "ஐயோ, அதை எடுத்தா பீரோ சாயும்மா. பத்துப் பன்னெண்டு வருஷமா அதுதான் தாங்குது. அதுக்கு முன்னாடி செங்கல் வச்சிருந்தோம், அது உடைஞ்சு போச்சு."

"யாராவது அதைப் படிச்சாங்களா அண்ணே?"

"ப்ராஜெக்டையா?" அவர் கபடமில்லாமல் சிரித்தார். "அதை யாரும்மா படிக்கிறது?"

ரேக்கம்மா கற்ற முதல் மேலாண்மைப் பாடம் இதுதான். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை அங்கேதான் விழுந்தது.

இரண்டு வருஷம் ஓடியது. சனிக்கிழமை சரக்கு இறக்கம் முடித்துவிட்டு, கையில் அட்டைப்பெட்டி வாசனையோடு வகுப்புக்கு ஓடுவாள். அங்கே ஜெராக்ஸ் திரையில் படம் போட்டு, கிடங்கு என்றால் என்ன என்று விளக்குவார். படத்தில் வழவழவென்று தரை, ஆளே இல்லாத ரேக்குகள், எங்கோ மேலைநாட்டில் எடுத்தது. தன் வாழ்நாளில் ஒரு கூடையைக்கூடத் தூக்கியறியாத அந்த மனிதர், கூடையை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசுவார். முன் பெஞ்சுப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு எழுதும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒரு வருகைப்பதிவுகூடத் தவறவில்லை. கதவுத் தகட்டில் அந்த ஒரு சொல் இல்லாமல் பார்க்க வேண்டும், அது ஒன்றே குறி.

கடைசி அரையாண்டில் ப்ராஜெக்ட். வழிகாட்டி யார்? ஜெராக்ஸேதான். ரேக்கம்மா தனக்குத் தெரிந்ததை எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி, ஆறு ரேக் இடைவெளி, பதினோரு வருஷத் தவறுக் கணக்கு, கழுகக்கா சொன்னது உட்பட. வாழ்க்கையில் எழுதியதிலேயே உருப்படியானது என்று அவளுக்கே தோன்றியது. ஜெராக்ஸ் அதைச் சிவப்புப் பேனாவில் குளிப்பாட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"இதென்ன, ஓரகத்தி?"

"எங்க கிடங்குல அப்படித்தான் சார் சொல்வோம். ஒரே மாதிரி இருக்கற பெட்டிங்களை."

"எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகத்துல இல்ல சார். நாங்களா கண்டுபிடிச்சது."

"ஆதாரம் வேணும்மா. ஆதாரம் இல்லாம எழுதினா கட்டுரை, ப்ராஜெக்ட் ஆகாது."

"பின்னாடி பதினோரு வருஷக் கணக்கு இணைச்சிருக்கேனே சார். பக்கத்துல நின்னு நானே எழுதினது."

"நீங்க எப்படி ஆதாரம் ஆக முடியும்? நீங்க மாணவி."

அலமாரியிலிருந்து தன் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் தள்ளினார். அவரே எழுதியது, அவரே அணிந்துரையும் எழுதியது. அதில் 'வேக வரிசை மாதிரி' என்று ஒரு படம் இருந்தது. அதிகம் விற்பது வாசல் பக்கம், குறைவாக விற்பது உள்ளே, அதற்குள் எல்லாம் எழுத்து வரிசை. பிஸ்கட் கிடங்குக்கு நன்றாகத்தான் இருக்கும்.

"உங்க முறையை மூணாவது அத்தியாயத்துல 'தற்போதைய பிரச்சனை'ன்னு போடுங்க. என் மாதிரியை அஞ்சாவதுல 'தீர்வு'ன்னு போடுங்க. கடைசிப் பக்கத்துல பரிந்துரை. முடிஞ்சுது."

"சார், அப்படி அடுக்கினா ஓரகத்திங்க ஒண்ணா வந்துரும். தப்பு மருந்து போயிரும்."

ஜெராக்ஸ் கதவைப் பார்த்தார். ஆள் இல்லை. இரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் குரலைத் தழைத்து, பழைய பெஞ்சுத் தோழனாகப் பேசினார். "அட, யாரு போய் அடுக்கப் போறா? ப்ராஜெக்ட்தானே! நமக்குள்ள என்ன, யாரு படிக்கப் போறா?"

ரேக்கம்மாவுக்கு பீரோக் கால் ஞாபகம் வந்தது. அவர் இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை என்று தோன்றியது. மேலாளர் பதவிக்கு ஜூன் மாதத்துக்குள் பட்டம் காட்டாவிட்டால் வெளியிலிருந்து இன்னொரு இரண்டு பேனாவைக் கொண்டுவருவதாக ஜி.எம். சொல்லியிருந்தார். வீட்டில் சொன்னபோது கணவர், "எழுதிக் குடுத்துட்டு வா. காகிதம்தானே, கடிக்கவா போகுது?" என்றார்.

எழுதினாள். எழுதியதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதை நன்றாக எழுதினாள். பதினோரு வருஷ உழைப்பை மூன்றாம் அத்தியாயத்தில் 'முறைசாரா, அறிவியல் அடிப்படையற்ற வழக்கம்' என்று வர்ணித்தாள். கழுகக்காவை 'பயிற்சியற்ற பணியாளரின் அனுமானம்' என்று ஒரு வரியில் முடித்தாள். கடைசிப் பக்கத்தில், கிடங்கு முழுவதையும் வேக வரிசைக்கு மாற்றுமாறு பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டாள். மகள் அட்டைக்கு மெரூன் நிறம் தேர்ந்தெடுத்தாள். நிறுவனத்தின் சார்பில் ஜி.எம். கையெழுத்து வேண்டுமென்றபோது, அவர் போனில் பேசிக்கொண்டே, ஒரு பக்கத்தையும் புரட்டாமல் போட்டார். பார்த்தாயா, யாரும் படிப்பதில்லை என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

முதல் வகுப்பு, மிகச் சிறப்பு. உண்மையை எழுதியபோது சிவப்பு மை கொட்டிய அதே கை, பொய்க்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டது.

ஜூன் முடிவதற்குள் கதவில் புதுத் தகடு ஏறியது. 'கிடங்கு மேலாளர்'. பக்கத்தில் ஒன்றுமில்லை, வெறும் பித்தளை. பழைய தகட்டை அவள் மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள். கழுகக்கா ஈரத்துணி கொண்டுவந்து புதுத் தகட்டைத் துடைத்து, "இப்பத்தாம்மா கண்ணுக்கு நிறைவா இருக்கு" என்றாள். அன்று மாலை மட்டும் ரேக்கம்மா வெளியே போகவும் உள்ளே வரவும் ஏழெட்டு முறை ஏதாவது காரணம் கண்டுபிடித்தாள்.

செப்டம்பரில் தலைமை அலுவலகம் ஜி.எம்.மைக் கேட்டது. புதிய மேலாளர் வந்து மூன்று மாதம் ஆயிற்றே, என்ன மாற்றம் செய்தார்? ஜி.எம்.முக்கு வியர்த்தது. காட்ட ஏதாவது வேண்டும். நிறுவனத்துக்கென்று ரேக்கம்மா கொடுத்திருந்த மெரூன் பிரதி அலமாரியில் கண்ணில் பட்டது. பிறந்ததிலிருந்து எதையும் படித்தறியாத அந்தப் புண்ணியவான், அன்றைக்கென்று பார்த்து, கடைசிப் பக்கத்தைப் படித்துத் தொலைத்தார்.

"மேடம், பிரமாதம்!" என்றார். தகடு மாறியதிலிருந்து அவள் மேடம். "இவ்வளவு நல்ல யோசனையை எழுதி வச்சுட்டு சும்மா இருக்கீங்களே! உடனே மாத்துங்க."

"சார், அது... பரீட்சைக்காக எழுதினது சார்."

"அப்போ பொய்யா?"

சொல்லியிருக்கலாம். ஆமாம் சார், பொய்தான் என்று மூன்றே சொல். ஆனால் ப்ராஜெக்ட் பொய் என்றால் பட்டம் பொய், பட்டம் பொய் என்றால் தகடு என்னாவது? மூன்று மாதத் தகடு. அதன் பளபளப்புகூட இன்னும் குறையவில்லை.

"இல்ல சார்," என்றாள். "கொஞ்சம் டைம் குடுங்க."

"ஒரு வாரம்."

கீழே வந்து பெண்களைக் கூட்டி, "மேலேர்ந்து உத்தரவு. எல்லாத்தையும் மாத்தி அடுக்கணும்" என்றாள். யாருடைய யோசனை என்று சொல்லவில்லை. கழுகக்கா முணுமுணுத்துக்கொண்டே மூன்று நாள் பெட்டி சுமந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடியும் மறுபடி தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. கண்டுபிடித்துத் தள்ளி வைக்க நான்கு மாதம் பிடித்தது, சேர்த்து வைக்க மூன்றே நாள் போதுமாக இருந்தது.

பதினோராம் நாள் ஒரு மருந்துக்கடையிலிருந்து போன் வந்தது. கடைக்காரர் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தைராய்டு மாத்திரைப் பெட்டிக்குப் பதில் சர்க்கரை மாத்திரைப் பெட்டி போயிருக்கிறது. அவரும் கவனிக்காமல் அட்டையைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியை, சர்க்கரையே இல்லாதவர். இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் நாள் கரும்பலகைக்கு முன்னால் சுருண்டு விழுந்திருக்கிறார். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி, மாலைக்குள் எழுந்து உட்கார்ந்தார். பிழைத்துக்கொண்டார். அந்த வார்த்தை காதில் விழும்வரை ரேக்கம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு கூடையிலும் எடுத்தவரின் எண் இருக்கும். அந்தக் கூடையில் இருந்தது கழுகக்காவின் எண்.

ஜி.எம். மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். தும்மிக்கொண்டே சொன்னார். "தவறுப் பதிவேட்டுல 'எடுத்தவரின் கவனக்குறைவு'ன்னு எழுதி, அந்தம்மாவை அனுப்பிடுங்க. நாளைக்குக் காலையில பதிவேடு என் மேஜைல இருக்கணும். அதோட விஷயம் முடிஞ்சுது."

அவர் போனதும் கழுகக்கா அறைக்குள் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் கண்ணு போச்சும்மா. இருபத்திரண்டு வருஷம் ஒரு பெட்டி மாறினதில்ல எனக்கு. யாரோ ஒரு டீச்சரம்மா செத்துப் போயிருப்பாங்களே!" அழுகையைப் புறங்கையால் வழித்துப் போட்டாள். பிறகு கோபம் வந்தது. "நான் போறேம்மா, நீங்க ஒண்ணும் சங்கடப்பட வேண்டாம். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இந்த வரிசையை எழுதின மூதேவி யாரு? மேல எந்த ரூம்? பேரச் சொல்லுங்க, நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்."

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"நான்தான்," என்றாள் ரேக்கம்மா.

கழுகக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னம்மா?"

"நான்தான் எழுதினேன். படிப்புக்காக. இந்தத் தகட்டுக்காக."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. கழுகக்கா கதவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, "ஆனா உங்களுக்குத் தெரியுமேம்மா" என்றாள். அவ்வளவுதான். கூடையை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ரேக்கம்மாவுக்குக் கேவலமாக இருந்தது. ஜெராக்ஸை இருபது வருஷமாக எள்ளி நகையாடியவளுக்கு, அவனாவது அடுத்தவர் உண்மையைத் திருடினான், தான் தன் உண்மையையே விற்றோம் என்று நினைத்தபோது காது மடல் சுட்டது. பதிவேட்டைத் திறந்தாள். 'தவறுக்குக் காரணம்' என்ற கட்டத்தில் கிடங்கு தொடங்கிய நாளிலிருந்து எல்லாப் பக்கத்திலும் ஒரே வரிதான், எடுத்தவரின் கவனக்குறைவு. அவள் தடித்த எழுத்தில் எழுதினாள்: 'ரேக் வரிசை மாற்றம் தவறு. தவறு என்று தெரிந்தே பரிந்துரைத்தவர் கிடங்கு மேலாளர். எடுத்தவர் மேல் குற்றமில்லை.' கீழே கையெழுத்துப் போட்டு, தானே மாடிக்குக் கொண்டுபோனாள்.

ஜி.எம். இந்த முறை படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? இதை ஹெட் ஆபீஸ் பார்த்தா உங்க பதவி நிக்குமா? அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதுங்க."

"பதிவேட்டுல பக்க எண் இருக்கு சார். கிழிச்சா தெரியும்."

"நானும் அந்த ப்ராஜெக்டுல கையெழுத்துப் போட்டிருக்கேனேம்மா!"

மேடம் மறுபடி அம்மா ஆகியிருந்ததை அவள் கவனித்தாள். "ஆமா சார். படிக்காம போட்டீங்க. நான் படிச்சுட்டுத்தான் போட்டேன். அதனால என் பேரை மட்டும்தான் எழுதியிருக்கேன்."

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. தர்மசிந்தனை ஒன்றும் இல்லை. அவளை அனுப்பினால் பத்தரை மணிக்கு வேன் கிளம்பாது, அது அவருக்கே தெரியும். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. மேலாளர் பதவி ரத்து, மறு உத்தரவு வரும்வரை பொறுப்பு. கடிதத்தோடு ஒரு ஆளையும் ஸ்க்ரூடிரைவரோடு அனுப்பினார்கள். புதிதாகத் தகடு அடிக்க வேண்டாமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்று ரேக்கம்மா இழுப்பறையைத் திறந்து பழையதை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது கண் கலங்கியது. அதை அவள் மறைக்கவில்லை. மூன்று மாதம் என்றாலும் ஆசைப்பட்டதுதானே! பட்டத்தை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. ஜெராக்ஸ் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில், ஒரு மருந்துக் கிடங்கில் தம் மாதிரி வெற்றிகரமாக நடைமுறைப்படுத்தப்பட்டதாக ஒரு வரி சேர்த்திருப்பதாகக் கேள்வி.

ரேக்குகளைத் திருப்பி மாற்றும் வேலையை அவள் யாரிடமும் அனுமதி கேட்டுத் தொடங்கவில்லை. பதிவேட்டில் எழுதிய அன்று மதியமே தொடங்கிவிட்டாள். பழைய நீள நோட்டைப் பார்த்துப் பார்த்து, பெண்களோடு தானும் பெட்டி சுமந்தாள். கழுகக்கா கூடவே நின்று வேலை செய்தாள். ஆனால் பேச்சில்லை. "அந்தப் பக்கம்", "இன்னும் ரெண்டு ரேக் தள்ளி" என்பதோடு சரி.

தகடு மாறிய அன்று கடைசி ஜோடியைப் பிரித்து முப்பத்தியொன்றாம் ரேக்கில் வைத்தார்கள். பாரம் ஏறியதும் ரேக் ஆடியது. அந்த இடத்தில் தரை கொஞ்சம் பள்ளம். கழுகக்கா அட்டையை மடித்து வைத்துப் பார்த்தாள், நசுங்கிவிட்டது. மரக்கட்டை ஒன்றும் அகப்படவில்லை. விடுவிடுவென்று ரேக்கம்மாவின் அறைக்குள் போனவள், மேஜை மேலிருந்த அவளுடைய மெரூன் பிரதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இது வேணுமா?"

"வேணாம்."

"இதைத்தான் எழுதினீங்களா?"

"இதைத்தான்."

கழுகக்கா அதைக் கையில் வைத்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தாள். "பரவால்ல, கனமாத்தான் எழுதியிருக்கீங்க. வாங்க, அந்தப் பக்கம் பிடிங்க."

ரேக்கம்மா ஒரு பக்கம் தோள் கொடுத்துத் தூக்கினாள். கழுகக்கா குனிந்து புத்தகத்தைக் காலுக்கடியில் தள்ளினாள். ரேக்கை மெல்ல இறக்கி, இரண்டு பேரும் ஆட்டிப் பார்த்தார்கள். ஆடவில்லை.